உறுமலை விட்டுவிட்ட நார்வேக்காரர்கள்

1

என் மகள் சிந்துவுக்கு அடுத்த மாதம் இருபத்தோரு வயது. ஊரில் யாரிடமாவது சொன்னால், "அடடே, மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சாச்சுங்களா?" என்று கேட்கிறார்கள். இங்கே டெக்சஸில், ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டி என்ற ஊரில், எங்களைப் போல் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்களிடம் சொன்னால் அவர்கள் முகம் மாறிவிடுகிறது. "லாயர் என்ன சொல்றாரு?" என்பதுதான் முதல் கேள்வி.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். நான் இங்கே வேலை விசாவில் இருக்கிறேன். என் மனைவி உமாவும் சிந்துவும் என் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். சிந்து கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து, மூன்று வயதில் உமாவின் மடியில் உட்கார்ந்து விமானத்தில் வந்தவள். ஆனால் இருபத்தொன்று ஆனதும் சட்டப்படி அவள் என் பிள்ளை இல்லை. வாலை விட்டுவிட வேண்டும். இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு அதற்குள் வந்திருந்தால் கவலையில்லை. எங்கள் வரிசை நகரும் வேகத்தைப் பார்த்தால், அது என் பென்ஷனோடு சேர்ந்து வந்தாலே அதிர்ஷ்டம்.

இதற்கு வக்கீல் ஒரு வழி சொன்னார். சிந்து இங்கேயே மேல்படிப்பில் சேர்ந்து, பிறந்தநாளுக்கு முன்பாக மாணவர் விசாவுக்கு மாறிவிட வேண்டும். படித்து முடித்ததும் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். காகிதங்கள் தயார். கையெழுத்துதான் பாக்கி. எப்போது கேட்டாலும் சிந்து "லேட்டர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் உமா எனக்கு உத்தரவு போட்டாள். "சனிக்கிழமை அப்பனும் மகளும் அந்தக் கத்தற கச்சேரிக்குப் போறீங்கல்ல? பேப்பரக் கார்ல வெச்சுக்கங்க. கையெழுத்தோட வாங்க. இல்லாட்டி வராதீங்க."

2

கத்தற கச்சேரி என்று உமா சொன்னது நார்வே நாட்டு மெட்டல் ராக் இசைக் குழு ஒன்றின் நிகழ்ச்சியை. குழுவின் பெயரைத் தமிழில் எழுதினால் எழுத்துக்குச் சுளுக்குப் பிடிக்கும். எங்கள் வீட்டில் அவர்களுக்கு நார்வேக்காரர்கள் என்றே பெயர்.

கோயம்புத்தூரில் எஞ்சினியரிங் படிக்கும்போது, ஹாஸ்டலில் என் அறைக்கு ஒரு சீனியர் கொண்டுவந்த சிடியில் அவர்கள் அறிமுகமானார்கள். முதல் ஆல்பத்தை ஏதோ குளிர்ந்த ஷெட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். டிரம் சத்தம் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் இருக்கும். கிதார்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓடும். அதற்கு நடுவே அந்த உறுமல். பாட்டு என்று சொல்ல முடியாது. அடிவயிற்றிலிருந்து வரும் குரல், சொற்களை மென்று துப்பும். நாங்கள் முதல் தடவை கேட்டபோது வார்டன் கதவைத் தட்டி, "யாருக்குப்பா உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. எட்டு மணிக்குமேல் பேசக்கூடாது, பெண்களோடு பேசக்கூடாது, வேஷ்டியோடு மெஸ்ஸுக்கு வரக்கூடாது என்றிருந்த இடத்தில், எனக்குப் பதிலாக எங்கோ பனியில் ஒருத்தன் கத்துகிறானே என்று நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது ஆல்பத்தில் மாற ஆரம்பித்தார்கள். அதே ஆள் உறுமிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று தெளிந்த குரலில் பாடுவான். பாட்டு ஒவ்வொன்றும் கால் மணி நேரம் போகும். கிதார் ஏழு எண்ணிக்கையிலும் டிரம் நான்கிலும் தனித்தனியாக நடந்து, நாம் மறந்துவிட்ட ஒரு இடத்தில் சரியாகச் சந்திக்கும். மெஸ்ஸில் சாம்பாருக்கு நிற்கும்போதுகூட விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். அவர்கள் உச்சத்தில் இருந்தது அப்போதுதான் என்பது என் கட்சி.

பிறகு சாக்ஸபோன் வந்தது. கீபோர்டு வந்தது. நான் கேட்டிக்கு வந்து சில வருடங்கள் கழித்து வெளியான ஆல்பத்தில் உறுமல் ஒரு இடத்தில்கூட இல்லை. மெல்லிய குரல், எலெக்ட்ரானிக் தாளம், நிறைய மௌனம். வேறு ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி எனக்கு ஆகிவிட்டது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து இணையத்தில் அடித்துக்கொண்டார்கள். நானும் கோபக்காரர்கள் பக்கம் நின்று இரண்டு பத்தி எழுதினேன்.

சிந்து எதிர்க்கட்சி. குற்றம் என்னுடையதுதான். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது ஃப்ரீவேயில் நார்வேக்காரர்களைத்தான் போடுவேன். உயிரெழுத்து எழுதச் சொன்னால் அழுகிற பிள்ளை, பின் இருக்கையில் உட்கார்ந்து அந்த ஏழையும் நான்கையும் காலால் சரியாகத் தட்டுவாள். ஒருமுறை கோவிலில், அர்ச்சகர் மந்திரத்தை முடித்துத் தட்டை எடுக்கப்போன அமைதியில், நான்கு வயதுச் சிந்து நீளமாக உறுமினாள். உமா இன்றுவரை அந்தக் குழுவை மன்னிக்கவில்லை.

வளர்ந்த பிறகு அவளுக்குப் புது ஆல்பங்கள்தான் பிடித்தன. அவள் பேசுவதெல்லாம் ஆங்கிலத்தில். அதை இங்கே நான் தமிழில் மாற்றி எழுதுகிறேன், அவள் இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில். "உங்களுக்குப் பத்தொன்பது வயசா இருந்தப்போ அவங்களுக்கும் பத்தொன்பது. நீங்க அந்த வயசுல நிக்கணும்கிறதுக்காக அவங்களும் நிக்கணுமா?" என்று ஒருநாள் கேட்டாள். நான் சட்னி நல்லா இருக்கு என்றேன்.

வேடிக்கை என்னவென்றால், ஆஸ்டினில் கல்லூரிக்குப் போனவள் அங்கே ஒரு குழுவில் சேர்ந்துவிட்டாள். அதில் அவள் உறுமுகிறவள். "உனக்குத்தான் உறுமலே பிடிக்காதே?" என்றேன். "பிடிக்காதுன்னு எப்போ சொன்னேன்? அவங்க உறுமி முடிச்சிட்டாங்க. நான் இப்பதான் ஆரம்பிக்கறேன்" என்றாள்.

நான் செய்ததை இங்கே சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் வரிசையில் இருக்கும் எந்த அப்பனும் சிரிக்க மாட்டான். அவள் பார்களில் பாடுகிறாள் என்று தெரிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "காசு குடுக்கறாங்களா?" என் விசாவைப் பிடித்துக்கொண்டிருப்பவள் பாடலாம், ஆனால் கூலி வாங்கக் கூடாது. பெட்ரோலுக்குக்கூட வாங்காதே என்றேன். மற்றவர்கள் பங்கு பிரிக்கும்போது அவள் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டு இருப்பாளாம். ஒருமுறைகூட நான் அவள் பாடுவதைப் பார்க்கப் போகவில்லை. யாராவது அவள் கையில் ஒரு கவரைத் திணித்துவிடுவார்களோ என்ற பயம்தான்.

3

நான் கடலடிக் குழாய்களை வடிவமைக்கும் கம்பெனியில் இருக்கிறேன். ஹூஸ்டனும் நார்வேயும் எண்ணெயால் சம்பந்தி ஆனவை. ஆகவே என் ஆபீசில் நார்வேக்காரர்கள் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆசை ஆசையாக ஒருவரிடம் போய் அந்தக் குழுவின் பெயரைச் சொன்னேன். மூன்று தடவை சொல்ல வைத்துவிட்டு, "எங்கள் ஊரா? கேள்விப்பட்டதில்லை" என்றார். அவர் கௌபாய் பூட்ஸ் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இறைச்சி புகைக்க அடுப்பு கட்டி, டெக்சஸ் நாட்டுப்பாடல்களில் மூழ்கியிருந்தார். எனக்கு அவர்கள் ஊர்ப் பனி, அவருக்கு எங்கள் ஊரும் இல்லாத இந்த ஊர்ப் புழுதி.

குழு இந்த வசந்தத்தில் அமெரிக்கா வருகிறது என்ற செய்தி வந்தபோது முதல் ஆளாக இரண்டு டிக்கெட் போட்டேன். நிகழ்ச்சிக்கு முன்னால் அவர்களைச் சந்தித்துக் கைகுலுக்குவதற்கும் சேர்த்து. பத்து நாளுக்கு முன்னால் ரசிகர் பக்கத்தில் ஒரு அறிவிப்பு. டிரம்மருக்கு விசா வரவில்லை, வேறு ஆளோடு வருகிறோம், மன்னியுங்கள் என்று. கீழே அமெரிக்க ரசிகர்கள் புலம்பித் தீர்த்தார்கள். நார்வேக்காரனுக்கு எதற்கு விசா, ஒரு டிரம்மரை எதற்குத் தடுக்க வேண்டும், என்ன அநியாயம் என்று.

எனக்குக் கை துறுதுறுவென்றது. கலைஞர்களுக்கு எந்த விசா, எந்த இடத்தில் நின்றுவிடும், பெயர்ச் சரிபார்ப்பு என்றால் என்ன, அவசரக் கட்டணம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று நீளமாக எழுதிப் போட்டேன். இருபத்தைந்து வருடம் இசையைப் பற்றி நான் எழுதிய எதையும் யாரும் கண்டுகொண்டதில்லை. இதற்கு விருப்பக்குறி குவிந்தது. ஒருவர் நீங்கள் வக்கீலா என்று கேட்டார். இல்லை, இந்தியன் என்று பதில் போட்டேன்.

4

சனிக்கிழமை பிற்பகல் அரங்கத்தின் பக்கவாசலில் முப்பது பேர் நின்றோம். எல்லோரும் கறுப்புச் சட்டை, பாதிப் பேருக்கு நரைத்த தாடி. பாடகர் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வழுக்கை, கம்பளி ஸ்வெட்டர், மூக்கில் படிக்கிற கண்ணாடி. ஹாஸ்டல் சுவரில் நான் ஒட்டிவைத்திருந்த படத்தில், முடியை முன்னால் போட்டுக்கொண்டு மண்டையோட்டைப் பிடித்திருந்தவர் இவர்தான் என்றால் நம்ப முடியவில்லை. எங்கள் பேங்க் மேனேஜர் மாதிரி இருந்தார்.

அவரிடம் கேட்க என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. ஏன் உறுமலை விட்டீர்கள்? எத்தனையோ வருடமாக, குளிக்கும்போது, கார் ஓட்டும்போது, அதைப் பல விதமாக மனதுக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறேன். என் முறை வந்தது. அவர் கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டு கேட்டேன்:

"உங்க டிரம்மருக்கு எப்போ அப்ளை பண்ணீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பாவம், அவரும் யாரிடமாவது கொட்டித் தீர்க்கக் காத்திருந்தார் போலிருக்கிறது. டிரம்மரின் பெயரும் பிறந்த தேதியும் வேறு யாருடனோ ஒத்துப்போகிறதாம், தூதரகத்தில் இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம். நேர்காணல் முடிந்த பிறகு என்ன சீட்டுக் கொடுத்தார்கள், என்ன நிறம், வக்கீல் இங்கேயா அங்கேயா என்று நான் கேட்க, அவர் சொல்ல, பின்னால் நின்ற தாடிக்காரர்கள் இருமத் தொடங்கினார்கள்.

"அப்பா. ப்ளீஸ். ஸ்டாப்" என்றாள் சிந்து பல்லைக் கடித்துக்கொண்டு.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. பொறுப்பாளர் என் தோளைத் தொட்டார். உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது எனக்கு. என்ன கேட்க வந்து என்ன கேட்டுத் தொலைத்தேன்!

அப்போதுதான் சிந்து அவர் முன்னால் போய் நின்று ஏதோ சொன்னாள். ஆங்கிலம் இல்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துக் காலெடுத்து வைப்பதுபோல. ஆபீசில் காதில் விழுந்து பழகிய ஏற்ற இறக்கம். என் மகள் நார்வே மொழி பேசிக்கொண்டிருந்தாள்.

பாடகர் எழுந்தே நின்றுவிட்டார். அவர் கேட்க, அவள் சொல்ல, ஒரு இடத்தில் அவர் திருத்த, அவள் சிரித்துத் திரும்பச் சொல்ல. எட்டு வருடம் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். தமிழில் பேசு கண்ணு என்று கெஞ்சியிருக்கிறேன். எனக்கு நெஞ்சு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைத்து என்ன பயன்? அதைவிடப் பெரியதாக இன்னொன்றும் உறைத்தது. ஒரு பாட்டுக் குழுவிடம் இரண்டு வார்த்தை பேச யாரும் இவ்வளவு தூரம் ஒரு மொழியைப் படிப்பதில்லை.

5

அரங்கத்துக்கு எதிரே, டாக்கோ என்ற மெக்சிகோ ரொட்டிச் சுருள் விற்கும் வண்டி நின்றது. வாங்கிக்கொண்டு காரில் உட்கார்ந்தோம். வக்கீலின் காகிதங்கள் இருந்த உறை எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது.

"அவர்கிட்ட என்ன கேட்ட?"

"உங்க கேள்வியத்தான். ஏன் விட்டீங்கன்னு."

"என்ன சொன்னாரு?"

"குரல் அப்படியே இருக்காம். ஆனா ஒவ்வொரு ராத்திரியும் பத்தொன்பது வயசுக்காரனா நடிக்க வேண்டியிருந்துச்சாம். ரசிகர்கள் போயிடுவாங்கன்னு பயந்தே நாலு வருஷம் நடிச்சாராம்."

டாக்கோவைக் கீழே வைத்துவிட்டு அவள் மிச்சத்தைச் சொன்னாள். நார்வேயில் ட்ரோன்ஹைம் என்ற ஊரில் ஒலியியல் மேல்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. வகுப்பு ஆகஸ்டில், ஆனால் பிறந்தநாளுக்கு முன்பே இங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். கடந்த வாரமே முடிவு தெரிந்துவிட்டது. ஒரு வருடமாக மொழி படிக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. நிதானமாகப் பேச வேண்டும் என்று நினைத்து, கத்தினேன். வெளியே போய்விட்டால் திரும்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியுமா? விசிட்டர் விசாகூடக் கொடுக்க மாட்டார்கள். வரிசையில் உன் இடம் என்ன ஆவது?

"என் இடம் அடுத்த மாசமே போகுதுப்பா. நான் போனாலும் போகாட்டியும்."

"அதுக்குத்தான இந்தப் பேப்பரு!"

அவள் உறையைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தாள். "இதுல என்ன போட்டிருக்கு பாருங்க. என் ஊருக்குத் திரும்பிப் போவேன்னு நான் சொல்லணும். எது என் ஊரு? கோபியா? அங்க நான் தூங்கின கட்டில்கூட எனக்கு ஞாபகமில்ல. இங்கேயே இருக்கறதுக்காக, நான் இங்க இருக்க ஆசைப்படலைன்னு எழுதிக் குடுக்கணும். உங்களுக்கு இது பழகிடுச்சு. எனக்குப் பழகல. நார்வேல ஒரே கேள்விதான் கேட்டாங்க, எதுக்கு வரணும்னு. பதில் சொன்னேன். வா-ன்னுட்டாங்க."

"உன்னைய மூணு வயசுல தூக்கிட்டு வந்தது இதுக்குத்தானா?"

"எதுக்கு தூக்கிட்டு வந்தீங்க?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

உன் எதிர்காலத்துக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த எதிர்காலத்தைத்தான் அவளே நார்வேயில் தேடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறிப்போன டாக்கோவைத் தின்றுவிட்டு உள்ளே போனோம்.

6

டிரம் வாசிக்க டாலஸிலிருந்து ஒரு பையனைப் பிடித்திருந்தார்கள். ஏழும் நான்கும் சந்திக்கும் இடத்தில் ஒருமுறை தவறிவிட்டான். கிதார்க்காரர் தலையசைத்துச் சிரித்து அவனுக்காக ஒரு சுற்று காத்திருந்தார். எல்லாம் புதுப் பாட்டுகள். மெல்லிய குரல், சாக்ஸபோன், ஒற்றை ஸ்வரத்தில் நெடுநேரம் நிற்கும் கீபோர்டு. நான் கைகட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் அந்தக் குரலில் நடிப்பு இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. ஐம்பது வயது மனிதர் ஐம்பது வயதில் பாடினார். ஆல்பத்தில் எரிச்சலூட்டிய மௌனங்கள் நேரில் கேட்டபோது எனக்குத் தேவைப்பட்டன.

கடைசியாக முதல் ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு. கூட்டம் கூரையைப் பிய்த்தது. உறுமல் வரும் இடத்தில் பாடகர் சிரித்துக்கொண்டே மைக்கை எங்கள் பக்கம் திருப்பினார். நீங்கள் வேண்டுமானால் பாடுங்கள் என்பதுபோல. தாடிக்காரர்கள் கத்தினார்கள்.

என் பக்கத்தில் இன்னொரு குரல் எழுந்தது. முதலில் அது எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. என் தோள் உயரம்கூட இல்லாத சிந்து, கால்களை அகட்டி, கண்களை மூடி, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தாள். பாடகரின் பழைய குரல் மாதிரியும் இல்லை அது. அவருடையதில் கோபம் இருக்கும். இவளுடையதில் கோபம் தீர்ந்து, முடிவெடுத்துவிட்ட தெளிவு இருந்தது. முன்னால் நின்ற ஆள் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாக ஒதுங்கி இவளுக்கு மேடை தெரியும்படி இடம் விட்டான். ஒரு அடி விடாமல் முழுப் பாட்டையும் பாடினாள்.

நான் பயந்துபோனேன். பெருமையாகவும் இருந்தது. இந்தக் குரலை வீட்டில் எங்கே வைத்திருந்தாள்? எங்கள் வீட்டில், உரக்கப் பேசினால்கூட யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று ஜன்னலைச் சாத்துகிற வீட்டில், இவள் எப்படி இதைக் கற்றுக்கொண்டாள்?

7

ஞாயிற்றுக்கிழமை காலை உமா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தோம்.

"ஏனுங்க, கையெழுத்து ஆச்சுங்களா?"

நான் சிந்துவைப் பார்த்தேன். அவள்தான் சொல்ல வேண்டும் என்று காரில் வரும்போதே முடிவாகியிருந்தது. உன் முடிவு, நீயே அம்மாகிட்டச் சொல்லு, நான் இதுல இல்ல என்று சொல்லியிருந்தேன். சிந்து வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தொண்டையைத் தொட்டுக்கொண்டு மறுபடி முயன்றாள். ஒன்றுமில்லை. முன்தயாரிப்பு இல்லாமல் ஒரு முழுப் பாட்டை உறுமியதில் குரல் மொத்தமாகக் கட்டிக்கொண்டுவிட்டது.

"கத்தப் போனா இப்படித்தான். வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளி" என்றாள் உமா. "பேப்பர் எங்கீங்க?"

சிந்து நாற்காலியை என் பக்கம் இழுத்தாள். என் காதருகே வந்து, மிச்சமிருந்த கொஞ்சம் காற்றில், தமிழில் சொன்னாள்: "நீங்களே சொல்லுங்கப்பா."

உமா தோசைக்கரண்டியோடு திரும்பினாள். "என்னத்தச் சொல்றது?"

"உமா, பாப்பா நார்வேக்குப் படிக்கப் போவுது. எடம் கெடச்சிருச்சு. கையெழுத்துப் போடல. நான் சரின்னுட்டேன்."

அந்த நிமிடம் வரை நான் சரி என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உமா அடுப்பை அணைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"அப்ப நாமளும் கூடப் போயிரலாங்களா?" என்றாள்.

"நம்மளால முடியாது உமா. நாம இப்ப வெளிய போனா இத்தன வருஷம் வரிசைல நின்னதெல்லாம் வீணாப் போயிரும். நாம இங்கயேதான் இருக்கோணும்."